ஏறுசுமை: முதுமைக்கு ஓர் உடற்பயிற்சி நெறி

(தில்லியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இந்த மேடையில் இலக்கியமும் கல்வெட்டும் பேசிய அறிஞர்கள் பலர். இம்முறை உடலியங்கியல் கற்பித்த ஒருத்தியை அழைத்திருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் மாணவர்களை ஓடுபொறியில் ஓடவிட்டு அவர்களுடைய மூச்சையும் நாடியையும் அளந்து வந்தவள் நான். அவர்கள் இருபது வயதுக்காரர்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகளை அளந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. இன்று அந்தக் கடனைத் தீர்க்கப் பார்க்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முதுமையில் உடல் தளர்வதில் ஒரு பங்குக்கு வயது காரணம். இன்னொரு பெரிய பங்கு, உடலிடம் வேலை கேட்பதை நாம் நிறுத்திவிடுவதால் வருகிறது. கேட்டால் கொடுக்கும் குணம் தொண்ணூறு வயதிலும் தசையை விட்டுப் போவதில்லை. ஆகவே முதியவருக்கு நடமாட்டம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். பயிற்சி என்று நான் சொல்வது, இன்று தூக்கியதைவிட அடுத்த வாரம் சற்றே கூடுதலாகத் தூக்குவதை. அதற்கு ‘ஏறுசுமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு பேசுகிறேன். இளவட்டக்கல் தூக்கிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. முதலில் சிறிய கல், பிறகு பெரிய கல் என்றுதான் அவர்களும் பழகினார்கள். அறுபதைத் தாண்டியவருக்கும் அதே விதி பொருந்தும் என்பதுதான் புதிது.

1. நஜஃப்கரிலிருந்து ஒருவர்

2022 ஜூலையில் பின்லாந்தின் தாம்பரே நகரில் உலக மாஸ்டர்ஸ் தடகளப் போட்டி நடந்தது. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கான போட்டி அது. ஐந்தைந்து வயதாகப் பிரித்து ஓடவிடுவார்கள். நம் தில்லியின் நஜஃப்கரைச் சேர்ந்த பகவானி தேவி டாகர் அங்கே தம் 94ஆம் வயதில் 100 மீட்டரை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் பெற்றார். குண்டு எறிதலில் வெண்கலமும் பெற்றார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சென்னையில் நடந்த தேசிய மாஸ்டர்ஸ் போட்டியில் மூன்று தங்கம் வென்றிருந்தார். மறு ஆண்டு போலந்தின் தொரூன் நகரில் உள்ளரங்கப் போட்டியிலும் தங்கம். பாரா தடகள வீரரான பேரன் விகாஸ் டாகர்தான் பாட்டியைக் களத்துக்கு அழைத்து வந்தவர்.

24.74 விநாடி என்பதை நம் கணக்கில் பார்ப்போம். விநாடிக்கு நான்கு மீட்டர், மணிக்கு 14 கிலோமீட்டருக்கும் மேல். காலையில் லோதி தோட்டத்தில் கை வீசி விறுவிறு என்று நடப்பவர் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போனால் அதிகம். தொண்ணூற்று நான்கு வயதுக் கால் ஒன்று அதைவிட இரு மடங்குக்கு மேலான வேகத்தில் தரையை உதைத்துத் தள்ளியிருக்கிறது. பதக்கத்தைவிட எனக்கு அந்த உதைதான் பெரிது. ஓட்டம் என்றால் இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்துக்குப் பிறகு உடலின் முழு எடையும், அதற்கு மேலும், ஒற்றைக் காலில் இறங்குகிறது. அதைத் தாங்க எலும்பு வேண்டும், தசை வேண்டும். விழாமல் நிறுத்த நரம்பும் வேண்டும். மூன்றும் அவரிடம் இருந்தன.

2. விதிவிலக்குகள் என்ற மறுப்பு

‘இப்படி ஓடுபவர்கள் பிறவியிலேயே அப்படிப்பட்டவர்கள், நமக்கு எப்படிப் பொருந்தும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் மாணவர்களுக்கும் இதைத்தான் முதலில் கேட்கக் கற்றுக்கொடுத்தேன்.

இப்படிப்பட்டவர்கள் இன்னும் இருவரைச் சொல்கிறேன். பஞ்சாபின் மான் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கினார். மகன் குர்தேவ் சிங் பயிற்சி தந்தார். 2017இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 விநாடியில் முடித்தார். 2021இல் 105 வயதில் காலமானார். ஜலந்தர் பக்கத்துப் பியாஸ் கிராமத்தில் பிறந்து லண்டனில் குடியேறிய ஃபௌஜா சிங், மனைவியையும் மகனையும் இழந்த துயரத்துக்குப் பின் முதிய வயதில் ஓட்டத்தைப் பற்றிக்கொண்டார். 2000இல் லண்டன் மாரத்தான், 2011இல் டொரொண்டோவில் நூறு வயது என்ற கணக்கில் முழு மாரத்தான். 2025 ஜூலையில் சொந்த ஊருக்கு அருகே சாலையில் வண்டி மோதி இறந்தார். அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அவருடைய சாதனையைப் பதிவு செய்யவில்லை. ஆராய்ச்சியாளர் என்ற முறையில் அதை நான் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் அந்தத் தலைமுறையில் பலருடைய வயது ‘பெரிய வெள்ளம் வந்த வருஷம்’ என்பது போன்ற நினைவுக் கணக்குதான். அதைக் கொண்டு அறிவியல் செய்ய முடியாது.

அதனால் என் வாதத்தை அந்த மூவர்மேல் கட்டவில்லை. சாதாரண முதியவர்கள்மேல், இன்னும் சொன்னால் நலிந்த முதியவர்கள்மேல் கட்டுகிறேன்.

1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் ஒரு முதியோர் இல்லத்துக்குள் எடைக்கருவியைக் கொண்டுபோனார். தேர்ந்தெடுத்தது ஓட்டக்காரர்களை அல்ல. 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர், கைத்தடியோடும் பல நோய்களோடும் இருந்தவர்கள். தொடையின் முன்தசைக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 விழுக்காடு வரை ஏற்றினார். பயப்படும்படியான சுமைதான் அது. எட்டு வாரம் முடிந்தபோது ஒன்பது பேர் பயிற்சியை நிறைவு செய்திருந்தார்கள். தொடையின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தசையின் அளவு 9 விழுக்காடு கூடியிருந்தது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். தசை சிறிதே பெருத்தது, வலிமையோ இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. காரணம் நரம்பு. தூங்கிக் கிடந்த தசை இழைகளை மூளை மறுபடி எழுப்பி வேலைக்குக் கூப்பிடக் கற்றுக்கொண்டது. முதியவரின் தளர்ச்சியில் ஒரு பகுதி தசை கரைந்ததால் வருவது. இன்னொரு பகுதி, இருக்கிற தசையை அழைக்க மறந்ததால் வருவது. மறந்ததை நினைவூட்ட எட்டு வாரம் போதுமாக இருந்தது. ஆனால் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அந்த வலிமையில் 32 விழுக்காடு குறைந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. விடாமல் செய்தால்தான் நிற்கும்.

1994இல் அவரே நூறு பேரை வைத்து இதை மறுபடி செய்தார். சராசரி வயது 87. பத்து வாரத்தில் வலிமை 113 விழுக்காடு ஏறியது. நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. அதே ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் கொடுத்தார்கள். அவர்களுக்கு வலிமை கூடவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பும் புரதப்பொடி டப்பாக்கள் அலமாரியில் அடுக்கியிருக்கும் வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

3. வயது எடுப்பது எது, படுக்கை எடுப்பது எது

1966இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். உழைப்பின் உச்சத்தில் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதே மூச்சுத்திறனின் அளவுகோல். மூன்று வாரத்தில் அது நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரை மறுபடி அழைத்து அளந்தார்கள். முப்பது ஆண்டு வயதேறியதில் ஏற்பட்ட சரிவு, இருபது வயதில் மூன்று வாரம் படுத்ததில் ஏற்பட்ட சரிவைவிடக் குறைவாகவே இருந்தது. பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுத்திறன் பழைய இருபது வயதுத் தொடக்க அளவுக்கே மீண்டது.

இந்த ஆய்வை நான் வகுப்பில் பலமுறை கற்பித்திருக்கிறேன். கற்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே என் வீட்டில் அதற்கு மாறாக நடந்தேன்.

அப்போது நாங்கள் நேதாஜி நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கிருத்திகை தவறாமல் ஆர்.கே. புரம் மலை மந்திர் படிகளை ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வருபவர். சமையலறையில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது, கால் நன்றாகத்தான் இருந்தது. ‘இந்த வயசுக்கு நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று மருத்துவர் சொன்னார். கைக்குச் சொன்னதை நாங்கள் உடம்பு முழுவதற்குமாக எடுத்துக்கொண்டோம். காப்பி கட்டிலுக்கே வந்தது. தட்டும் கட்டிலுக்கே வந்தது. அவர் எழுந்தால் யாராவது ஓடிப்போய்ப் பிடித்தோம். எல்லாம் அன்பால் செய்ததுதான். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. கட்டுப் பிரித்த அன்று கூடத்து மரநாற்காலியிலிருந்து அம்மா எழுவதைப் பார்த்தேன். இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றி, ஒருமுறை முன்னுக்கு ஆடி, மறுமுறை ஆடி, மூன்றாம் முறைதான் எழுந்தார். முறிந்தது கை, போனது கால்.

அதே நாற்காலியில்தான் தொடங்கினோம். இருக்கையில் இரண்டு தலையணை போட்டேன். இருக்கை உயர்ந்தால் முழங்கால் மடங்குவது குறையும், எழுவது எளிதாகும். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ‘ஏண்டி, இந்த வயசுல எனக்கு டிரில் டீச்சரா வந்திருக்கியா?’ என்றார். ஆனால் எண்ணினார். ஐந்து எட்டாகி, எட்டு பத்தானதும் ஒரு தலையணையை எடுத்தேன். மறுபடி ஐந்திலிருந்து. பிறகு இரண்டாவது தலையணையும் போனது. அடுத்து, மடியில் ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்தார். நான்காம் மாதத்தில் மலை மந்திர் படிகளைக் கம்பியைப் பிடித்தபடி, நடுவே ஒருமுறை நின்று, ஏறிவிட்டார். ஏறுசுமை என்று நான் சொல்வது இதைத்தான். தலையணை குறைவதும் ஏறுசுமை, பருப்புப் பொட்டலமும் ஏறுசுமை.

4. நடை நல்லது, ஆனால் போதாது

தில்லித் தமிழர்கள் நடப்பதில் குறை வைப்பவர்கள் அல்ல. மயூர் விஹாரிலும் ஜனக்புரியிலும் ஓய்வு பெற்றவர்கள் மப்ளரைக் கட்டிக்கொண்டு விடியலிலேயே பூங்காவில் இருப்பார்கள். அது தொடரட்டும். ஆனால் நடை எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நம் தசையில் இருவகை இழைகள் உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை ஒருவகை, சட்டென்று சுருங்கிப் பலமாகத் தள்ளி விரைவில் களைப்பவை இன்னொரு வகை. நரம்பு மண்டலம் முதலில் மெது இழைகளையே அழைக்கும். சுமை கனமானால்தான், அல்லது செயல் வேகமானால்தான், வேக இழைகளுக்கு அழைப்புப் போகும். சமதரையில் பத்தாயிரம் அடி நடந்தாலும் அந்த அழைப்பு பெரும்பாலும் போவதே இல்லை. வயதேறும்போது முதலில் மெலிவதும் அந்த வேக இழைகள்தான். ஆகவே முதுமையில் தசையின் அளவைவிட வலிமை விரைவாகக் குறைகிறது. வலிமையைவிட விசை, அதாவது வலிமையை வேகமாகச் செலுத்தும் திறன், இன்னும் விரைவாகக் குறைகிறது.

குளியலறையில் கால் இடறும்போது நமக்குக் கிடைப்பது ஒரு விநாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் மற்றக் காலை முன்னே வீசி ஊன்ற வேண்டும். அந்த வேலை வேக இழைகளுடையது. நாற்பது ஆண்டாகத் தவறாமல் நடந்தவர்கூட இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது ஏன் என்ற கேள்விக்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு நிறுத்தவில்லை. வாரம் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி என்று சேர்த்தே சொல்கிறது. நம் வீடுகளுக்கு முதல் பாதி வந்துவிட்டது, மறுபாதி இன்னும் வரவில்லை.

எலும்பும் இப்படித்தான். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் வெளியானது. ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், தேர்ந்த பயிற்சியாளரின் கண்பார்வையில் கனமான எடையைத் தூக்கினார்கள். அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. எலும்பு பலவீனமாக இருக்கிறது, எடை தூக்காதே என்று சொல்லி வந்தோம். தூக்காததால் அது மேலும் பலவீனமானது.

பதினேழு நாடுகளில், நம் நாடும் உட்பட, ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. பிடி ஐந்து கிலோ குறையக் குறைய மரண அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்தது. இரத்த அழுத்த அளவைவிடப் பிடியின் அளவு நன்றாக முன்னறிவித்தது. இதைக் கேட்டுவிட்டு ரப்பர் பந்தை வாங்கிப் பிசையத் தொடங்க வேண்டாம். பிடி முழு உடல் வலிமைக்கு ஓர் அடையாளம், அவ்வளவே.

நம் பூங்காக்களில் நிறுவியிருக்கும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. அவற்றைப் போட்டது நல்ல காரியம். ஆனால் பெரும்பாலானவற்றில் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் வழி இல்லை. ஊஞ்சல்போல் காலை வீசிவிட்டு இறங்குகிறோம். முதல் நாள் எவ்வளவு சுமையோ ஐந்தாம் ஆண்டும் அவ்வளவே. உடல் பழகிவிட்டது, இனி அது மாற வேண்டிய தேவையில்லை. அடுத்த முறை இவற்றை வாங்கும் அதிகாரிகள் எடை மாற்றக்கூடிய கருவிகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் என்ன செய்வது என்று இடைவேளையில் இருவர் கேட்டார்கள். தொடையின் முன்தசை வலுத்தால் மூட்டின் மேல் விழும் அதிர்வை அது வாங்கிக்கொள்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவ வழிகாட்டிகள் முதல் நிலையிலேயே பரிந்துரைப்பது உடற்பயிற்சி. வலி இல்லாத கோணத்தில் தொடங்குங்கள். உயரமான இருக்கை அதற்குத்தான்.

5. மூச்சுக்கும் ஏறுசுமை உண்டு

முப்பது வயதுக்குப் பின் மூச்சுத்திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைகிறது. இதயத்தின் உச்சத் துடிப்பும் குறைகிறது. இந்த உச்சத் துடிப்பை எந்தப் பயிற்சியும் மீட்டுத் தராது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தத்தையும், தசை அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறனையும் கூட்டலாம்.

பிரான்சின் ரோபேர் மார்ஷாந்த் என்ற மிதிவண்டிக்காரர் 101 வயதிலிருந்து 103 வயது வரை, உடலியங்கியல் பேராசிரியர் வெரோனிக் பில்லாவின் திட்டப்படி பயிற்சி செய்தார். எண்பது விழுக்காடு லேசான மிதி, இருபது விழுக்காடு கடினமான மிதி. அந்த இரண்டு ஆண்டில் அவருடைய மூச்சுத்திறன், உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 ஆனது. நூறைக் கடந்த உடல் தன் சரிவை நிறுத்தி மேலேறியதற்கு எண்ணோடு சான்று இருக்கிறது. கனடாவின் எட் விட்லாக் 73 வயதில் மாரத்தானை 2 மணி 54 நிமிடத்தில் ஓடினார். 85 வயதில் அவருக்கு 3 மணி 56 நிமிடம் ஆனது. பன்னிரண்டு ஆண்டில் ஒரு மணி நேரம் கூடிவிட்டது. பயிற்சி வயதை ஒழிப்பதில்லை என்பதற்கும் அவரே சான்று. அந்த 3 மணி 56 நிமிடத்தில் நாற்பது வயதுக்காரர்கள் பலரால் ஓடிமுடிக்க முடியாது என்பதும் உண்மை.

உங்களுக்கு எந்த வேகம் என்று கேட்டால், எளிய வழி உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அது மிதமான வேகம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், நடுநடுவே ஒரு நிமிடம், பேச்சும் தடுமாறும் அளவுக்கு வேகம் கூட்டி மறுபடி தணியுங்கள்.

தில்லிக்கென்று ஒரு எச்சரிக்கை. நவம்பர் முதல் ஜனவரி வரை விடியற்காலைக் காற்று இந்த ஊரில் மிக மோசமானது. தரையோடு படிந்த குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று மூடிபோல் நின்று, புகையை மேலே போகவிடாமல் அடைத்து வைக்கிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் அந்த மூடி விலகும். ஐந்து மணிக்கே நடந்துவிட வேண்டும் என்ற நம் ஊர்ப் பழக்கத்தை அந்த மாதங்களில் கைவிடுங்கள். காற்று கடுமையான நாட்களில் வெளியே போகவே வேண்டாம். அந்த நாட்களை வீட்டுக்குள் வலுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

6. ஆயுள் நீளுமா

இந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்ல வேண்டியது என் கடமை.

1953இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்பவர் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுவதும் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட இதய நோய் வெகுவாகக் குறைவு. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு பற்றிய நவீன ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார். அதன் பின் வந்த எத்தனையோ கணக்கெடுப்புகள், உழைப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்றே காட்டின.

ஆனால் உழைப்பதால் நலமா, நலமாக இருப்பதால் உழைக்கிறார்களா? இதைப் பிரித்தறியச் சீட்டுக் குலுக்கிப் பிரிவு பிரிக்கும் சோதனைதான் வழி. நார்வேயின் த்ரோன்ஹெய்ம் நகரில் எழுபதைத் தாண்டிய 1,567 பேரை அப்படிப் பிரித்து ஐந்து ஆண்டு கவனித்தார்கள். 2020இல் முடிவு வந்தது. கண்காணிப்போடு பயிற்சி செய்தவர்களுக்கும், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கும் மரண விகிதத்தில் உறுதியான வேறுபாடு இல்லை. அறிவுரை பெற்றவர்களே நன்றாக உழைக்கும் மக்கள்தாம் என்பது ஒரு காரணம். என்றாலும், பயிற்சி செய்தால் இத்தனை ஆண்டு கூடும் என்று உறுதி கூறுபவரை நம்பாதீர்கள்.

இன்னொரு சோதனை 2014இல் அமெரிக்காவில் முடிந்தது. 70 முதல் 89 வயது வரை, உட்கார்ந்தே பழகிய 1,635 பேர். ஒரு பிரிவுக்கு நடை, வலு, சமநிலை சேர்ந்த பயிற்சி, மற்றப் பிரிவுக்கு உடல்நல வகுப்பு. அளந்தது, 400 மீட்டர் தானாக நடக்க முடிகிறதா என்பதை. இரண்டரை ஆண்டுக்கு மேல் தொடர்ந்த கவனிப்பில், பயிற்சிப் பிரிவில் அந்தத் திறனை இழந்தவர்கள் 30.1 விழுக்காடு, வகுப்புப் பிரிவில் 35.5 விழுக்காடு.

நான் இந்த இரண்டாவது கணக்கின் பக்கம் நிற்கிறேன். பக்கத்துக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதும், கழிவறைக்கு யார் துணையும் இல்லாமல் போய்வருவதும், பேரனைத் தூக்குவதும் எத்தனை ஆண்டு நம் வசம் இருக்கும் என்பதே எனக்கு முதல் கேள்வி. கோவையின் நானம்மாள் 99 வயதில் 2019இல் மறைந்தார். கடைசிக் காலம் வரை யோகாசனம் கற்பித்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதைவிட, அந்த ஆண்டுகளில் தரையில் உட்கார்ந்து தாமே எழுந்தார் என்பதைத்தான் நான் என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

7. எங்கே தொடங்குவது

2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் பத்துக் கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்து 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து விழுக்காடுகூட இல்லை.

இன்று இரவு வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்து, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுக்குள் ஆண்களுக்குப் பன்னிரண்டும் பெண்களுக்குப் பத்தும் குறைந்தபட்சம். அதற்குக் கீழே இருந்தால் விழும் அபாயம் கூடுதல். அந்த எண்ணைத் தேதியோடு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பயிற்சியை வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி விட்டு. நாற்காலியில் எழுந்து உட்கார்தல், சுவரில் கை ஊன்றித் தண்டால், குதிகாலை உயர்த்தி நிற்றல், பையில் தண்ணீர்ப் பாட்டில்களை வைத்துத் தூக்கி நடத்தல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்றல். பத்து முறை எளிதாக வந்துவிட்டால் சுமையைக் கூட்டுங்கள். எழும்போது வேகமாக எழுங்கள், உட்காரும்போது நிதானமாக உட்காருங்கள். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள், இரத்த அழுத்தம் தாவும். நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

சாப்பாட்டில் புரதத்தைக் கவனியுங்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது இத்துறை வல்லுநர்களின் பரிந்துரை. இரவில் ரசம் சாதத்தோடு முடித்துக்கொள்ளும் வழக்கத்தில் அது கிடைக்காது. சுண்டல், பருப்பு, தயிர், முட்டை, மீன், உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. எடை தூக்குவது ஆண்களின் வேலை என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. இடுப்பில் குடமும் ஆட்டுக்கல்லின் முன் இரண்டு மணி நேரமுமாக வளர்ந்த தலைமுறை நம் பாட்டிகளுடையது. அந்தப் பாடு மறுபடி வர வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மிக்ஸியும் குழாய்த் தண்ணீரும் வந்தது நல்லதே. அவை எடுத்துக்கொண்ட சுமையில் அரை மணி நேரத்தை மட்டும், வாரம் இரண்டு முறை, நம் உடம்புக்காக நாமே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த மண்டபம் வாரநாட்களில் காலை பத்து மணிக்குப் பூட்டியே கிடக்கிறது. வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் அதைத் திறந்துவிடுங்கள். முதல் ஆண்டு முழுவதும் பயிற்சி சொல்லித்தர நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம். ஓர் இயன்முறை மருத்துவரையும் இரத்த அழுத்தக் கருவியையும் ஏற்பாடு செய்தால் போதும். கைப்பிடி இல்லாத நாற்காலிகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் எல்லோரும் இப்போது அவற்றில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.